குளக்கரையில் ஒரு காலை: முதன்முறை போகிறவர்களுக்கு

ஏரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நாலு படம் எடுத்துவிட்டுப் பத்தாவது நிமிடம் வண்டியைக் கிளப்புவார்கள். மீதிப்பேர் போன வேகத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிப்பார்கள். முதல் கூட்டத்துக்குச் சீக்கிரமே அலுத்துவிடும். விபத்து நடப்பதெல்லாம் இரண்டாவது கூட்டத்தில்தான். இரண்டுக்கும் நடுவே செய்ய எவ்வளவோ இருக்கிறது. நீச்சல் தெரிய வேண்டாம், படகு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: முதல் மூன்று தடவை தண்ணீரில் இறங்காதீர்கள். கரையைத் தெரிந்துகொண்ட பிறகு தண்ணீருக்கு வரலாம்.

படி 1: பக்கத்தில் இருக்கும் குளமே போதும்

பேர் போன ஏரிக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவதைவிட, வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துக்கு மாதம் இரண்டு முறை போவது மேல். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் அங்கே என்ன மாறுகிறது என்று பிடிபடும்.

கிளம்பும் முன் செல்போன் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். நடைபாதை எந்தப் பக்கம், மரநிழல் எங்கே என்று தெரிந்துவிடும். காலையில் போவதானால் கிழக்குக் கரையில் உட்காருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், தண்ணீரில் கண் கூசாது. மாலையென்றால் மேற்குக் கரை. இது தெரியாமல் நான் பல காலைப் பொழுதுகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே கழித்திருக்கிறேன்.

போனதும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். குடிநீருக்கான ஏரியில் குளிக்கத் தடை இருக்கலாம். தனியார் குளமென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்

தொப்பி, குடிநீர், முழுக்கால் சட்டை, வழுக்காத பழைய காலணி, ஒரு விசில், பத்து மீட்டர் கயிறு, மூடி இறுகிய காலி பிளாஸ்டிக் கேன். கயிறும் கேனும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. அதில் 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த அளவே சரி. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

படி 3: முதலில் ஒரு சுற்று நடங்கள்

தண்ணீர் எங்கே வந்து சேருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். மதகு, உபரிநீர் வழியும் இடம், குழாய் வாய் இவற்றின் பக்கம் போகவே கூடாது. மேலே அசையாமல் கிடக்கும் தண்ணீர் அடியில் வேகமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது நிறம். வெயில் காலத்தில், காற்று ஒதுக்கும் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் உஷாராகுங்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து நாய்கள் செத்துப்போனதுண்டு. நீளமான குச்சி ஒன்றை விட்டுக் கிளறி எடுத்துப் பாருங்கள். தலைமுடிபோல் இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. இழை இல்லாமல் குச்சி முழுக்கச் சாயம் பூசியதுபோல் வந்தால் கையைக்கூட நனைக்காதீர்கள். இது மேலோட்டமான சோதனைதான். சந்தேகம் இருந்தால் அன்றைக்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: உட்காருங்கள்

இதுதான் கஷ்டமான படி. இருபது நிமிடம், செல்போனைப் பையில் போட்டுவிட்டு, அசையாமல் உட்கார வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்ததால் விலகிப் போனதெல்லாம் மெல்லத் திரும்பி வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

முதலில் கண்ணில் படுவது அநேகமாக முக்குளிப்பான். கைப்பிடி அளவில் ஒரு குட்டி வாத்துபோல் இருக்கும், ஆனால் வாத்து இனமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘டபக்’கென்று காணாமல் போகும். எண்ண ஆரம்பியுங்கள்; எத்தனையில் வெளியே வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது? நான் ஊகித்த இடத்தில் அது இதுவரை வந்ததே இல்லை.

கட்டையின் மேல் இறக்கையை விரித்துப்போட்டுக்கொண்டு ஒரு கறுப்புப் பறவை நின்றால் அது நீர்க்காகம். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனையும். மிதப்பு குறைவதால் மீனைத் துரத்தி மூழ்க அது தோதாக இருக்கிறது. அதற்கான விலைதான் இப்படி வெயில் காய்வது.

இப்போது காலடியைப் பாருங்கள். தெளிந்த ஓரத்தில் நீளக்கால் பூச்சிகள் தண்ணீரின் மேல் நடந்துகொண்டிருக்கும். பூச்சியை விடுங்கள், வெயில் நேரத்தில் தண்ணீருக்கு அடியில் தரையில் விழும் அதன் நிழலைப் பாருங்கள். கால்கள் ஒல்லி, ஆனால் ஒவ்வொரு காலுக்கும் கீழே வட்டமாக, விளிம்பில் ஒளி கட்டிய ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். கால் ஊன்றும் இடத்தில் தண்ணீர்ப் பரப்பு கிழியாமல் சின்னக் குழியாக அமுங்குகிறது. அந்தக் குழி ஒளியை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் நடுவில் இருள். பரப்பு இழுவிசை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்தறிவது சுலபம். உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருந்தால் தட்டான். முதுகோடு சேர்த்து மடித்துக்கொண்டால் அநேகமாக ஊசித்தட்டான். ஒரு தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தால், அது முட்டையிடுகிறது.

படி 5: தண்ணீரின் தெளிவை அளந்து பாருங்கள்

குழந்தைகளோடு போனால் இதை விடாதீர்கள். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கித் தெளிவை அளந்து பார்த்தார். ஏரிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அதே முறையைக் கையாள்கிறார்கள்.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் மூடியை நாலு பாகமாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஒரு கனமான கல்லைக் கட்டுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. படித்துறையிலோ கைப்பிடி உள்ள மேடையிலோ நின்று, நிழல் விழும் பக்கமாக மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே இழுங்கள். மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் உங்கள் குளத்தின் அன்றைய கணக்கு. மழைக்குப் பிறகு ஒருமுறை, பாசி பிடித்த சமயத்தில் ஒருமுறை அளந்தால் வித்தியாசம் தெரியும்.

படி 6: தவளைக்கல்

தட்டைக் கல்லைத் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறியும் விளையாட்டு இது. பக்கத்தில் பறவையோ மனிதர்களோ இல்லையென்றால் மட்டும். உள்ளங்கை அளவில் தட்டையான, வட்டமான கல்லாகத் தேடுங்கள். ஆட்காட்டி விரலைக் கல்லின் விளிம்பில் சுற்றிப் பிடித்து, இடுப்பளவுக்குக் குனிந்து, சுழற்றி விடுங்கள். எல்லோரும் வேகத்தை நம்புகிறார்கள். சுழற்சி இல்லாத கல் ‘பொளக்’கென்று முழுகிவிடும். கல் தண்ணீரைத் தொடும்போது அதன் முன்விளிம்பு சுமார் 20 டிகிரி தூக்கியிருந்தால் நன்றாகத் தத்தும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 2004இல் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்கரான கர்ட் ஸ்டைனர் 2013இல் 88 தத்தல்களோடு உலக சாதனை படைத்தார். என் கணக்கு ஆறைத் தாண்டவில்லை.

படி 7: தண்ணீரில் இறங்குவது

மூன்று தடவை கரையில் இருந்தாயிற்று, நீச்சலும் தெரியும், இறங்க அனுமதியும் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

தண்ணீர் கண்ணை ஏமாற்றும். ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தால் நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும்; சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். முழங்கால் அளவுதான் என்று நம்பி ஒருமுறை காலை வைத்தேன். இடுப்புவரை போனது, அதில் பாதி சேறு. காலை இழுக்க இழுக்கச் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு செருப்போடு வீடு திரும்பினேன். அதிலிருந்து நீளக் கழி இல்லாமல் இறங்குவதில்லை. முதலில் கழி, பிறகு கால். மண் அள்ளிய குழிகள் இருந்தால் ஒரே எட்டில் ஆழம் தலைக்கு மேல் போய்விடும். தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறிக்கும்.

வெயில் காலத்தில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், ஆழமான ஏரியில் கீழே போகப் போகச் சட்டென்று குளிரும். குளிர்ந்த தண்ணீர் கனம் அதிகம் என்பதால் அது அடியிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் திடீர்க் குளிரில் மூச்சு வாங்கும், பதற்றம் வரும். கரையை ஒட்டியே நீந்துங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். பெருமழை பெய்தால் இரண்டு நாள் பொறுங்கள். சாக்கடையும் அழுக்கும் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி புக வழியுண்டு.

இனி அந்தக் கயிறும் கேனும். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையசைக்க மாட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழ, சத்தமே இல்லாமல் நின்ற வாக்கில் இருப்பார். அப்படிப் பார்த்தால் குதிக்காதீர்கள். கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள், கழியை நீட்டுங்கள், விசில் ஊதி ஆள் சேருங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது.

படகு கிடைத்தால் உயிர்காப்பு உடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து படகின் நடுவில் கால் வையுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்து திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறி, கட்டிடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வரலாம்.

தூண்டில் போடுவது தனிக்கலை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: அறுந்த தங்கூசி நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். பறவையின் காலில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது.

படி 8: நாலு வரி எழுதுங்கள்

கிளம்பும் முன் ஒரு நோட்டில் தேதி, காற்றடித்த திசை, பார்த்தவை, தட்டு மறைந்த ஆழம் இவற்றைக் குறியுங்கள். கரையில் ஒரு பெரிய கல்லைத் தேர்ந்து, தண்ணீர் அதில் எதுவரை நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் கடைசியாக இருப்பது இது:

“காலை ஆறரை. காற்று இல்லை. முக்குளிப்பான் இரண்டு, நீர்க்காகம் ஒன்று. தட்டு ஒரு மீட்டரில் மறைந்தது. கல் பாதி வெளியே. போன தடவை மூழ்கியிருந்தது.”