தண்ணீர் அளவுச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் ஆசிரியர்கள், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை ஆசையாகச் செய்கிறார்கள். பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது இது. ஒரே மாதிரி இரண்டு டம்ளர், சம அளவு தண்ணீர். ஒன்றை மட்டும் ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றிவிட்டு "எதில் அதிகம்?" என்று கேட்பது. தண்ணீர் சிந்துவதெல்லாம் போகட்டும். குழந்தையைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எரிச்சல் வருகிறது. ஊற்றும் முன் ஒரு தடவை, ஊற்றிய பின் ஒரு தடவை கேட்பது வழக்கம். வகுப்பில் டீச்சர் அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மாற்றி ஊற்றிய பிறகும் "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்" என்றாள். பயிற்சி ஆசிரியை, "நல்லா பார்த்துச் சொல்லும்மா" என்றார். சிறுமி பார்த்தது அவர் முகத்தை. உடனே உயரமான டம்ளரைக் காட்டி, "இதுல ஜாஸ்தி" என்றாள். நோட்டில் 'கொள்ளளவு புரியவில்லை' என்று ஏறிவிட்டது. அடுத்து வரும் ஆசிரியர் அந்த வரியை நம்பித்தானே அவளுக்குப் பாடம் எடுப்பார்?

1984இல் சாமுவேல், பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் ஊற்றிய பின் மட்டும் ஒரே முறை கேட்டுப் பார்த்தார்கள். தவறுகள் குறைந்தன. அடியோடு போய்விடவில்லை; உயரத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் ஏமாறுவது உண்மைதான். அதனால் முதல் கேள்வியை விட்டுவிடுங்கள். பிள்ளை கண்ணெதிரே ஊற்றி, ஒரு தடவை கேளுங்கள். அப்புறம், பதில் எதுவானாலும், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். "வேற தண்ணி ஊத்தலையே" என்று சொல்கிற பிள்ளைக்கு விஷயம் தெரியும்.

அடி தடித்த டம்ளர்

எடுக்காதீர்கள்; தண்ணீர் மட்டம் உயர்ந்து தெரியும்.

நீங்களே ஊற்றிக் காட்டி முடிப்பது

டம்ளரைப் பிள்ளை கையில் கொடுங்கள்; அதுவும் ஊற்றிப் பார்க்கட்டும்.

பெரியவர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள் என்று நினைப்பது

மாற்றி ஊற்றுவதைப் பார்த்தால் நாம் ஏமாறுவதில்லை. ஆனால் இரண்டு பாத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக் கண்மதிப்பாகச் சொல்லச் சொன்னால், உயரமானதில்தான் அதிகம் பிடிக்கும் என்று பெரியவர்களும் நினைக்கிறார்கள். பிரியா ரகுபீரும் அராத்னா கிருஷ்ணாவும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது.

பயிற்சியில் கூம்பு வடிவக் கோப்பை ஒன்றைத் தருகிறேன். கூர் முனை கீழே. பாதி உயரத்துக்குத் தண்ணீர். எவ்வளவு இருக்கிறது என்றால் "பாதி", மிஞ்சிப்போனால் "கால்" என்கிறார்கள். இருப்பது எட்டில் ஒரு பங்கு. நம்பாதவர்களை அதே அளவால் ஊற்றி நிரப்பச் சொல்வேன். நான்காவது தடவை ஊற்றியும் கோப்பை நிரம்பாமல் இருக்கும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.