புறம்போக்கில் சீமைக்கருவேலை எடுத்து நாட்டு மரம் வளர்ப்பது எப்படி?

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் தரிசு என்றாலே சீமைக்கருவேல்தான். ஜேசிபி வைத்துப் பத்து ஏக்கரையும் ஒரே வாரத்தில் வழித்துப் போட்டால் அடுத்த மழைக்கு முன்பைவிட நெருக்கமாக முளைத்து நிற்கும். மூன்று வருஷம் காவல் காக்க முடிகிற அளவுக்கு, முதலில் ஒரு ஏக்கர் போதும்.

சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். விறகு யாருக்கு, கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு என்ன பங்கு, ஆடு இனி எங்கே மேயும் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் வேலி ஒரு மாதம்கூட நிற்காது.

மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும் தை மாதம் வெட்டத் தோதானது. தரையோடு அறுக்காதீர்கள், ஒரு மரம் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். துளிர்விடும் கண்கள் வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்தில் இருப்பதால் ஒரு அடி தோண்டி, கட்டையையே பெயர்த்தெடுக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் இறங்கி, விரல் உயரத்திலேயே கன்றுகளைப் பிடுங்குங்கள். முழங்கால் உயரம் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது எருவில். சீமைக்கருவேல் நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முழுசாக வெளிவரும். அதைக் குழியில் கொட்டுவது வேலை மெனக்கெட்டு விதைப்பதற்குச் சமம். மண்புழு உரமோ நன்றாக மக்கிய குப்பையோ குழிக்கு 5 கிலோ போடுங்கள்.

2 அடி நீள, அகல, ஆழக் குழிகளை ஆடியில் வெட்டி ஆறப்போடுங்கள். 4 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 250 குழி வரும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை கண்டதும் வேம்பு, புங்கன், வாகை, இலுப்பை எனக் கலந்து நடுங்கள். கன்று இடுப்பளவாவது இருக்கட்டும். உவர் மண்ணில் இலுப்பை வேண்டாம். வேம்பும் புங்கனும் தாங்கும், உகாய் மரமும் வைக்கலாம். வெட்டிய முள்ளையே வேலியாக அடைக்கலாம், நெற்றை உதிர்த்துவிட்டு.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை கன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர், தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு.

எல்லையில் 10 அடிக்கு ஒரு பனங்கொட்டை ஊன்றுங்கள். முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே ஓலை தெரிய மாதங்கள் ஆகும். செத்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்கிறவர்கள்தான் அதை முறிக்கிறார்கள்.