திரும்பி வந்த மதிப்பாய்வைச் சரிசெய்த விதம்

தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுக்கும் இலக்கிய மதிப்பாய்வை, நடுகல் (இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல்) ஆய்வுக்கு எழுதுவதுபோல ஆய்வாளர் வாரியாக அடுக்கியிருந்தேன். திருத்தச் சொல்லித் திரும்பியது.

எக்செலில் கட்டுரைக்கு ஒரு வரிசை போட்டேன்: ஒன்றியம், கிணற்று ஆழம், மாதிரி எண்ணிக்கை, பருவம், அளந்த முறை. பருவத்தை விட்டுவிட்டால் கோடை அளவும் மழைக்கால அளவும் கலந்துபோகும், குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்போடு ஒப்பிடுவதே பிழையாகிவிடும். பிறகு பாறை, ஆழம், பற்பாதிப்பு எனப் பத்திகளைப் பிரித்தேன். மருத்துவப் பகுதிக்குத் தேடுசொற்கள், நீக்கிய கட்டுரைகளின் எண்ணிக்கை, காரணம் எல்லாம் வேண்டும். இப்படிப்பட்ட முறைசார் மதிப்பாய்வில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று காட்டும் பிரிஸ்மா 2020 (PRISMA) பட்டியலில் 27 அம்சங்கள்.

நடுகல்லுக்கு இந்த அட்டவணை போதாது. அங்கே ஒரே கல்வெட்டின் இருவேறு வாசிப்புகளை எதிரெதிரே வைத்து, எதை ஏன் ஏற்கிறோம் என்று வாதிட வேண்டும்.