கோயில் மரத்தடியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில், சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் பிள்ளைகளுக்குப் புதிதாக வகுப்பெடுக்க வந்த தம்பி பேசியதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பொய்யை அவரும் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். குப்பை, பிளாஸ்டிக் விஷயங்களில் யாரும் பெரிதாகச் சறுக்குவதில்லை, அதை விட்டுவிடலாம். சாமியும் நம்பிக்கையும் வரும் இடங்களில்தான் சறுக்குகிறோம்; அந்தத் தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம்பிக்கைக்கு அறிவியலை முட்டுக் கொடுப்பது

"அரச மரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும், அது தெரிந்துதான் முன்னோர்கள் கும்பிட்டார்கள்." இதுதான் அந்தப் பொய். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜனை வெளியிடாது. இருட்டில் அரசும் மற்ற மரங்களைப் போலக் கரியமில வாயுவைத்தான் விடுகிறது.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரில், அம்மன் கோயில் வாசலில் பெரிய அரச மரம் இருந்தது. கிளையை ஒடித்தால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்று மூன்று தலைமுறையாக அதன் மேல் ஒருவரும் கை வைத்ததில்லை. நான் போய், அதெல்லாம் பயம், உண்மையான காரணம் ஆக்சிஜன்தான் என்று விளக்கினேன், ஊரே கை தட்டியது. இரண்டு வருடம் கழித்து ரோடு அகலப்படுத்த வந்தார்கள். "ஆக்சிஜன்தானே சார், ஐம்பது புங்கன் கன்று வைத்துக் கொடுத்துடுறோம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோயிலில் விளக்கு போடும் பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் மரம் போய்விட்டது. ஊருக்குத் தெரிந்த ஒரு காரணத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் நிற்காத ஒன்றை வைத்தவன் நான். இன்றைக்கும் யாராவது "ராத்திரி ஆக்சிஜன்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, என்ன சொல்லலாம்? அரசு அத்தி இனத்து மரம். பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும், அவற்றில் மகரந்தம் சேர்ப்பது கடுகை விடச் சின்ன ஒரு குளவி. பழத்துக்கு மைனாவும் குயிலும் வௌவாலும் வரும். ஐம்பது புங்கன் கன்று அந்தப் பழத்தைத் தருமா? இதைச் சொல்லிவிட்டு, ஆத்தாவை ஆத்தாவாகவே விட்டுவிடுங்கள்.

பாலாற்றின் பழியைப் பிள்ளையார் மேல் போடுவது

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையும் ரசாயன வண்ணமும் வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்த ஆற்றங்கரை நிலத்தடி நீரைக் கெடுத்தது தோல் பதனிடும் கழிவில் வந்த உப்பும் குரோமியமும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அதைப் பற்றி வாயே திறக்காமல், வருடத்துக்கு ஒருமுறை கரைக்கும் சிலையை மட்டும் திட்டினால், "எங்க சாமிதான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஒரே மதத்தின் கதையோடு வகுப்பைத் தொடங்குவது

முஸ்லிம்கள் அதிகம் வாழும் வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ தல விருட்சம் மட்டும் பேசினால் பாதி வகுப்பு ஒதுங்கிவிடும். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

மழை வேண்டி நடக்கும் பூஜையில் மைக் பிடிப்பது

வேண்டாம்.

சொன்னது தப்பு என்று தெரிந்தும் திருத்தாமல் விடுவது

வகுப்பு முடிந்ததும் அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிப் போயிற்று. மறு வாரம் அதே பிள்ளைகளை அரச மரத்தடிக்குக் கூட்டிப் போய், "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்து கிடந்த பழங்களைப் பிளந்து ஆளுக்கொரு லென்ஸைக் கொடுத்தார்.