வைஃபை வந்தும் ரெஜிஸ்டர் போகவில்லையா? மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடுகளின் மருத்துவமனைகளுக்கு டேப்லெட்டும் வைஃபையும் கையடக்க மானிட்டர்களும் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பல, சில மாதங்களிலேயே அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஏன் என்று கேட்டால், "டாக்டர்களும் நர்ஸ்களும் பழசை விடமாட்டேன் என்கிறார்கள்" என்ற பதில்தான் முதலில் வரும். இப்படிப் பழியைத் தூக்கி ஊழியர்கள் மேல் போடுவதுதான் முதல் தவறு.

ஒரு கணினிக் கருவியை வேலை செய்பவர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் ஆராய்ந்தார். இதனால் என் வேலைக்குப் பயன் உண்டா? இதைப் பயன்படுத்துவது எளிதா? இந்த இரண்டில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம் என்று அவர் கண்டார். ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் அதையேதான் கேட்கிறார். பதில் இல்லையென்றால் கருவியை ஓரமாக வைக்கிறார். அதைப் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது.

பயனைக் கொல்வதில் பெரிய பங்கு இரட்டைப் பதிவுக்கு உண்டு. "டேப்லெட்டில் ஏற்றுங்கள், ரெஜிஸ்டரையும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் என்ன நடக்கும்? காலை ஆறு மணிக்குப் பார்த்த காய்ச்சலும் ரத்த அழுத்தமும் முதலில் தாளில் ஏறும். ஷிப்ட் முடியும் நேரத்தில், கை ஓய்ந்த பிறகு, எல்லாம் மொத்தமாக டேப்லெட்டில் ஏறும். வேறு இடத்திலிருந்து திரையைப் பார்க்கும் டாக்டருக்குக் கிடைப்பது பழைய தகவல். பார்த்து எழுதும்போது ஓர் எண் மாறினாலும் மாறிவிடும். படுக்கை அருகில் பதிவானது அந்த நிமிடமே எல்லா இடத்திலும் தெரியும் என்பதற்காகத்தானே கம்பியில்லா வசதியை வாங்கினோம்? வாங்கிய காரணமே இங்கே போய்விடுகிறது, நர்ஸுக்கு வேலையும் இரட்டிப்பாகிறது.

ஆகவே தொடங்கும் முன்பே, எந்த ரெஜிஸ்டர் எந்தத் தேதியோடு மூடப்படும் என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். தணிக்கைக்குத் தாள் வேண்டுமா? சரி, கணினியிலிருந்து அச்சிட்டு வையுங்கள். முதலில் கொண்டுவரும் வசதி, வார்டில் இருப்பவருக்கு நேரத்தைத் திருப்பித் தருவதாக இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு ஆள் அனுப்பாமலே வார்டுக்கு வந்து சேரட்டும். ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் குறிப்பு தானாகத் தயாராகட்டும். மேலிடத்துக்கான புள்ளிவிவரம் பிறகு வரலாம்.

அடுத்த தவறு, சிக்னலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு மின்சாரத்தை மறப்பது. அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனி கிளையைக் கிராமப்புறப் பார்வை மையங்களோடு நீண்டதூர வைஃபையால் இணைத்து, வீடியோ வழியாக நோயாளிகளைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் அமைத்த இணைப்பு அது. கிராமப்புற இணைப்புகளில் கிடைத்த அனுபவத்தை 2008-இல் அவர்கள் கட்டுரையாக எழுதியபோது, பெரிய எதிரியாகக் காட்டியது தரமில்லாத மின்சாரத்தைத்தான். மின்னழுத்தம் எகிறுவதும் விழுவதும் கருவிகளைப் பழுதாக்கின. உள்ளூர் ஊழியர்களே பழுதைக் கண்டுபிடிக்கும்படி பழக்குவதும் அவர்களுக்கு அவசியமாகப் பட்டது. ரவுட்டருக்கு நல்ல பேட்டரியும் மின்னழுத்தப் பாதுகாப்பும் கொடுங்கள். டேப்லெட்டுகளைச் சார்ஜ் செய்யப் பூட்டுள்ள ஓர் இடமும், அதைக் கவனிக்கப் பெயர் குறிப்பிட்ட ஒருவரும் வேண்டும்.

இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி மென்பொருள் வாங்குவதும் தவறு. ஓப்பன் டேட்டா கிட் போன்ற தகவல் திரட்டும் மென்பொருள்கள் படிவத்தைக் கருவியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். விற்க வருபவரிடம், வைஃபையை அணைத்துவிட்டு அதே வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

காலியான கட்டடத்தில் சிக்னலைச் சோதிப்பதும் பலர் செய்யும் தவறு. எக்ஸ்ரே அறைச் சுவரின் ஈயத் தகடு அலையைத் தடுக்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகம் தேயும். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) பொதுவாக 1, 6, 11 என மூன்றுதான். பார்வையாளர் நேரத்தில், கதவுகள் மூடியிருக்கும்போது, கடைசிப் படுக்கை வரை நடந்து சோதியுங்கள். பார்வையாளர்களின் வைஃபையும் மருத்துவ வேலைக்கான வைஃபையும் தனித்தனியாக இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. சுவரில் ஒட்டிய ஒரே லாக்-இன்னில் வார்டே வேலை செய்தால், மருந்தளவை மாற்றியது யார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவசரத்தில் இருப்பவரிடம் ஒவ்வொரு முறையும் நீண்ட பாஸ்வேர்டைக் கேட்டால் அவர் அப்படித்தான் செய்வார். அடையாள அட்டையைத் தொட்டு நுழையும் வசதியோ, ஒவ்வொருவருக்கும் தனியான சிறு பின் (PIN) எண்ணோ கொடுங்கள். நோயாளியின் படத்தைச் சொந்த போனில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதும் இப்படித்தான் வளர்கிறது. தடை போட்டால் மட்டும் நிற்காது, அதே அளவு சுலபமான பாதுகாப்பான வழி வேண்டும். (கருவிகள் படுக்கைக்குப் படுக்கை போவதால், கிருமிநீக்கம் செய்யும் துடைப்பான்களும் அருகிலேயே இருக்கட்டும்.)

கடைசித் தவறு, சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத் திட்டங்களைக் குவிப்பது. ஆளுக்கொரு நிறுவனம் ஆளுக்கொரு செயலியோடு வந்ததால், உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் 2012-இல் இத்தகைய கைபேசித் திட்டங்களையே ஒருங்கிணைப்பு வரும்வரை நிறுத்திவைத்தது. புதுத் திட்டத்தோடு யார் வந்தாலும் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஏற்கனவே உள்ள கணினிப் பதிவேட்டோடு இது தகவலைப் பரிமாறுமா, நன்கொடை முடிந்த பிறகு சிம் கட்டணத்தை யார் கட்டுவார், இரண்டாம் ஆண்டில் பேட்டரி செத்தால் மாற்றித் தருவது யார்?