டிரெய்லரை மாட்டும் முன் கதவோர ஸ்டிக்கரைப் படியுங்கள்

அமெரிக்கா வந்து ஓரிரு வருடத்தில் நம்மில் பலருக்குப் பிக்கப், அதாவது பின்பக்கம் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி, வாங்கும் ஆசை பிடித்துக்கொள்கிறது. வண்டி வந்ததும் அடுத்த ஆசை, கோடை விடுமுறையில் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் பக்கம் போய்வர வேண்டும் என்பது. தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டி விற்றவர் "இது 10,000 பவுண்ட் இழுக்கும்" என்று சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அது ஏறக்குறைய காலியாக இருக்கும் வண்டிக்குப் போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். இதைத்தான் பேலோட் என்கிறார்கள். டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்பு) மேல் அழுத்தும் எடையும், அதாவது டங் வெயிட்டும், இந்தக் கணக்கில்தான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாதாரணமாகப் பின்னால் மாட்டும் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அப்படி இறங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேலோட் 1,500 பவுண்ட், சாமான் ஏற்றிய டிரெய்லர் 6,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் 720 போய்விட்டது. வீட்டில் நான்கு பேர், சேர்த்து 550. மிச்சம் 230 பவுண்ட். அதற்குள் ஹிட்ச், ஐஸ்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள், வண்டியின் மேல்மூடி எல்லாம் அடங்க வேண்டும். அந்த 10,000 பவுண்ட் டிரெய்லரையே மாட்டினால் டங் வெயிட் மட்டும் 1,200, அப்புறம் இரண்டு பேர் ஏறுவதே சந்தேகம்! டிரெய்லர் விளம்பரத்தில் போடுகிற எடையும் பெரும்பாலும் காலி எடைதான். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். மனக்கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் ட்ரக் ஸ்டாப்பில் லாரிகளை எடைபோடும் மேடையில் ஏற்றிப் பாருங்கள், அச்சு வாரியாகச் சீட்டு தருவார்கள். முதல் பயணத்துக்கு முன் கட்டாயம் ஒருமுறை செய்துவிடுங்கள் என்பேன்.

சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். என் முதல் பயணத்தில் கதவு பின்பக்கம் இருக்கிறதே என்று ஜெனரேட்டரையும் கனமான பெட்டிகளையும் பின்னாலேயே தள்ளிவிட்டேன். நெடுஞ்சாலையில் 60 மைல் தொட்டதும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது, பிக்கப்பையும் சேர்த்து இழுத்தது. அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும், போக விடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் கன்ட்ரோலர் வண்டிக்குள் இருந்தால் அதை மட்டும் கையால் லேசாக அழுத்துங்கள். வண்டியை நிறுத்தியதும் பாரத்தை மாற்றி அடுக்குங்கள், சுமார் 60 சதவீதம் முன்பாதியில் இருக்க வேண்டும்.

மாட்டும்போது ஹிட்ச்சில் இருக்கும் இரும்புக் குண்டின், அதாவது பாலின் (ball), அளவைப் பாருங்கள், அதன் மேலேயே பொறித்திருக்கும். டிரெய்லர் முனையில் அந்தக் குண்டைக் கவ்வும் பகுதிதான் கப்ளர். 2 5/16 அங்குலக் கப்ளர் 2 அங்குலப் பால் மேல் உட்கார்ந்தது போலவே தெரியும், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் எகிறிவிடும். பூட்டியபின் டிரெய்லரின் முன்முனையைத் தூக்கும் ஜாக்கைச் சற்று ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பின் பின்புறமும் கூடவே தூக்கினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. சங்கிலிகளைக் குறுக்காகப் போட வேண்டும், டிரெய்லரின் முனை கழன்றாலும் தரையில் விழாமல் அவற்றின்மேல் தாங்கும். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே தனியாக மாட்டுங்கள். விளக்குகளைப் பார்க்க ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் வெடிக்கிறது. பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, கிளம்பும் முன் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்சவேகம் 55 மைல், மற்ற மாநிலங்களில் பலகை 75 என்று காட்டினாலும் 60ஐ ஒட்டியே போங்கள், பல டிரெய்லர் டயர்களே 65 மைலுக்குத்தான் செய்யப்பட்டவை. மலை இறக்கத்தில் டோ மோடை (டிரெய்லர் இழுப்பதற்கான கியர் அமைப்பை) போட்டுக் கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். மைலேஜ் பாதியாகலாம், அதனால் பெட்ரோலுக்கு முன்கூட்டியே நிறுத்துங்கள், நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடிய இடமாகப் பார்த்து. பின்னால் எடுப்பதைக் காலியான பார்க்கிங்கில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால் கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்முனையும் போகும்.

சொந்த வண்டி இல்லாமல் வாடகைப் பிக்கப் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல கார் வாடகை நிறுவனங்கள் டிரெய்லர் இழுக்க அனுமதிப்பதில்லை. இன்சூரன்ஸில் நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதம் வழக்கமாக டிரெய்லருக்கும் சேர்ந்தே வரும், டிரெய்லருக்கே ஆகும் சேதம் அப்படி வராது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். எத்தனை பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 1,500, பல இடங்களில் 3,000.

கிளம்பி 50 மைலில் ஒருமுறை நிறுத்திச் சக்கர நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, சக்கரத்தின் நடுப்பகுதி அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்ற சக்கரங்களைவிட ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஆளைக் கூப்பிடுங்கள்.