ஊதி நிமிர்த்தும் ஆனிங்: வட சென்னை வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் பார்த்து வாங்குவது எப்படி?

பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிவிட்டீர்கள். எண்ணூருக்கோ பழவேற்காட்டுக்கோ போய் நிறுத்தினால் வாசலில் நிழல் வேண்டும். அதற்குத்தான் வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் துணிப் பந்தலான ஆனிங். ஊதி நிமிர்த்தும் ஆனிங்கில் கம்பிச் சட்டம் கிடையாது. டயருக்குள் ட்யூப் இருப்பது போல, கெட்டியான பாலியஸ்டர் உறைக்குள் டிபியூ பிளாஸ்டிக் குழாய் இருக்கும். காற்றடித்தால் அதுவே தூணாக நிற்கும். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் குளிர் நாடுகளுக்காகச் செய்தவை. அதனால் நாம் பார்க்க வேண்டிய கணக்கு வேறு.

முதல் படி: அளவு

டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஆனிங் மாட்டும் ரெயில் (ஆனிங்கின் விளிம்பைச் செருக வண்டியின் மேல் ஓரத்தில் இருக்கும் பள்ளச் சட்டம்) வரை அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் டாங்க்கை நிரப்பி, சாமானெல்லாம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். காலி வண்டி சற்று உயரமாக நிற்கும். இழுத்துச் செல்லும் கேரவனுக்கான சிறிய ஆனிங்குகள் 235 முதல் 250 செ.மீ. உயரத்துக்கென்றே அதிகம் வருகின்றன. வண்டியின் முழு நீளத்துக்கும் வாங்குவதானால், முன்பக்கத் தரையில் தொடங்கி ரெயில் வழியாகச் சுற்றிப் பின்பக்கத் தரை வரை உள்ள மொத்த நீளம்தான் அளவு.

வேனில் ரெயிலே இல்லையா? கூரைக்கு மேல் பட்டை போட்டுக் கட்டும் மாடல் போதும். ரிவெட் அடித்து ரெயில் பொருத்தலாம், ஆனால் சீலன்ட் சரியாக வைக்காவிட்டால் ஐப்பசி மழை வண்டிக்குள்தான் பெய்யும். ரெயில் இருந்தால், ஆனிங் ஓரத்தில் தைத்திருக்கும் உருண்டை விளிம்பு அதற்குள் வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். அது 4 மி.மீ., 6 மி.மீ. எனப் பல தடிமன்களில் வரும்; மாற்றி வாங்கினால் மாட்டவே முடியாது.

அடுத்து: கதவு எந்தப் பக்கம்?

நமக்கும் பிரிட்டனுக்கும் கதவு இடப்பக்கம். மற்ற ஐரோப்பிய நாடுகளின் கேரவன்களில் வலப்பக்கம். ஆர்டர் போடும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணூர்ப் பக்கம் வண்டியின் முகம் வடக்கே இருக்கும்படி நிறுத்தினால் கடல் வலப்புறம் வரும். இடப்பக்க ஆனிங்குக்கு வண்டியே காற்றை மறைத்துவிடும். ஆனால் சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அதனால் முன்சுவரைத் தனியாக மூடித் திறக்க முடிகிற மாடலே மேல்.

காற்றழுத்தம்

இதில்தான் நம்மூர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். மாடலைப் பொறுத்து 5 முதல் 9 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) வரை அடிக்கச் சொல்லியிருப்பார்கள். காலையில் 7 பிஎஸ்ஐ அடித்துவிட்டு விட்டால், மத்தியான வெயிலில் உள்ளிருக்கும் காற்று 30 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும். எனவே அதிக அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு இல்லாத ஆனிங்கை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ராத்திரி கொஞ்சம் தொய்ந்தால் பஞ்சர் என்று பதறாதீர்கள், காற்று குளிர்ந்திருக்கும். அப்புறம், பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அது 30 பிஎஸ்ஐ டயருக்கானது. மீட்டர் உள்ள கைப்பம்பு போதும்.

ஒரே வால்வில் எல்லாக் குழாயும் நிரம்பும் மாடல் வசதிதான். ஆனால் குழாய்களுக்கு இடையே அடைப்பு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று ஓட்டையானாலும் மொத்தமும் சாயும்.

துணி

நீர் தாங்கும் அளவு 3000 மி.மீ. என்று போட்டிருந்தால், துணி மேல் 3 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். நம் மழைக்கு அது சரி. தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். நிறம் வெளிர். ஜன்னல் எல்லாவற்றிலும் கொசுவலை இருக்கட்டும், அதைப் பற்றி நம்மிடம் விளக்க வேண்டியதில்லை.

கட்டுவது

கூட வரும் முளைகள் புல்தரைக்கானவை. கடற்கரை மணலில் பிடிக்காது. நீளமாக, அகலமாக உள்ள மணல் முளைகள் வாங்குங்கள், அல்லது மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். சிமென்ட் தரையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் மூலைக்கு ஒன்று. காற்று பலமாகிவிட்டால் எந்த முளையையும் நம்பாமல் இறக்கிவிடுங்கள்.

திரும்பியதும் உப்பு போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். திருவொற்றியூர்ப் பக்கம் உங்கள் போர் தண்ணீரே உப்பென்றால் மெட்ரோ தண்ணீரைப் பிடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். உதிரிக் குழாய் ஒன்றையும் ஒட்டுத் துண்டுகளையும் ஆனிங்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.